நிறம் எந்தக் கட்டத்தில் ஏறியது? இடைக்கால ஐரோப்பாவின் துணிப் பெயர்கள்

ஆட்டு ரோமம் உடுப்பாக மாறுவதற்குள் அதில் நிறம் ஏற ஐந்து வாய்ப்புகள் உண்டு. ரோமமாகவே சாயத்தில் தோய்க்கலாம். நூற்றபின் நூலைத் தோய்க்கலாம். தறியில் நிறங்களை மாற்றி மாற்றிக் கோக்கலாம். நெய்து முடித்த துணியை முழுசாகச் சாயத்தொட்டியில் இறக்கலாம். கடைசியாக, தையற்காரர் இரண்டு துணியை ஒட்டுப்போடலாம். 13, 14ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலும் பிரான்சிலும் புழங்கிய துணிப் பெயர்களில் பல, எந்த நிறம் என்பதைவிட எந்தக் கட்டத்தில் நிறம் என்பதையே சொல்கின்றன. இதைப் பிடித்துக்கொண்டால் குழப்பம் பாதி தீரும்.

முதலில் மெட்லி. கலப்பு என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ரோமத்தை நூற்பதற்கு முன்பே தனித்தனி நிறங்களில் தோய்த்து, எடைபோட்டு, எண்ணெயோ வெண்ணெயோ தடவி, கம்பிப் பற்கள் வைத்த பலகைகளில் திரும்பத் திரும்பச் சிக்கெடுத்துக் கலப்பார்கள். நீலத்துக்கு வோட் செடி. நம் அவுரிக்கும் அதற்கும் உறவில்லை என்றாலும், இரண்டிலிருந்தும் கிடைப்பது ஒரே இண்டிகோ என்ற நீலச் சாயம்தான், அதை இழையில் பிடிக்கவைக்கப் படிகாரம் தேவையில்லை. சிவப்புக்கு மஞ்சிட்டி இனச் செடியின் வேர், மஞ்சளுக்கு வெல்ட் செடி. இவை இரண்டும் படிகாரம் இல்லாமல் சரியாகப் பிடிக்காது.

ரோமத்திலேயே தோய்ப்பதில் ஒரு வசதி உண்டு. சாயம் திட்டுத்திட்டாகப் பிடித்திருந்தாலும் கலக்கும்போது அது சமனாகிவிடும். ஆனால் ஒரு துணிக்கு வேண்டிய மொத்த ரோமத்தையும் ஒரே விகிதத்தில் கலந்துவிட வேண்டும். பாதியை இன்று, பாதியை அடுத்த வாரம் என்று கலந்தால், விகிதம் சற்றே பிசகினாலும் நெய்த துணியில் குறுக்கே பட்டை விழும். அதை எந்தச் சாயத்தொட்டியாலும் மறைக்க முடியாது.

கலந்த நிறம் ஏன் தனியாகத் தெரிகிறது என்பது கண் கணக்கு. நல்ல பார்வை பிரித்தறியும் மிகச் சிறிய கோணம் ஏறத்தாழ ஒரு பாகையின் 60இல் ஒரு பங்கு. அரை மில்லிமீட்டர் நூல் அந்தக் கோணத்துக்குள் அடங்க, சுமார் 1.7 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 25 மைக்ரான் தடிமனுள்ள ஒரு ரோம இழைக்கோ 9 சென்டிமீட்டரே போதும். அவ்வளவு பக்கத்தில் பெரும்பாலோர் கண் குவியாது. ஆகவே இழை அளவில் கலந்த மெட்லி, கையில் பிடித்துப் பார்த்தாலும் ஒரே மங்கலான நிறமாகத்தான் தெரியும். நூல் அளவில் கலந்த துணியில் பக்கத்தில் புள்ளி, தூரத்தில் ஒரே நிறம்.

இங்கே ஒரு பொறி உண்டு. நீல இழையையும் மஞ்சள் இழையையும் கலந்தால் நல்ல பச்சை வராது. இரண்டு இழைகளும் அனுப்பும் ஒளியின் சராசரியைத்தான் கண் வாங்குகிறது. கிடைப்பது சாம்பல் கலந்த பச்சை. பளிச்சென்ற பச்சை வேண்டுமானால் ஒரே இழையை முதலில் வோடிலும் பிறகு வெல்டிலும் தோய்க்க வேண்டும். இங்கிலாந்தின் லிங்கன் நகரத் துணிக்குப் பெயர்போன லிங்கன் பச்சை அப்படி வந்ததுதான்.

மாட்லி என்ற இன்னொரு துணிப் பெயரைக் கேட்டதும் பலருக்கும் கோமாளியின் ஒட்டுத்துணி உடை நினைவுக்கு வரும். அது பிற்காலப் பொருள். 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலக் கவிஞர் சாசர் தன் கதையில் வரும் வணிகருக்கு மாட்லி உடுத்துகிறார், வழக்கறிஞருக்கு மெட்லி அங்கி போடுகிறார். இருவருமே மதிப்புள்ள ஆட்கள். பல நிறம் கலந்த கம்பளித் துணிக்குத்தான் அன்று அந்தப் பெயர்.

அடுத்தது ரே. கோடு போட்ட துணி. இதில் நிறம் தறியில்தான் தீர்மானமாகிறது. லண்டன் மண்ணில் தோண்டியெடுத்த 14ஆம் நூற்றாண்டுத் துண்டுகளில் கோடுகள் ஊடையில், அதாவது தறியில் குறுக்கே போகும் நூலில், ஓடுகின்றன. இன்று கடையில் வாங்கும் கோட்டுச் சட்டைத் துணியில் பெரும்பாலும் பாவில், அதாவது நீளவாக்கு நூலில், ஓடுவதற்கு நேர்மாறு. பாவில் கோடு வேண்டுமானால் தறியில் ஏற்றும்போதே நூல்களை எண்ணி அடுக்க வேண்டும். ஏற்றியபின் மாற்ற வழியில்லை. ஊடையில் என்றால் குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவை மாற்றினால் போதும். இத்தனை குறுக்கிழைக்குப் பிறகு நிறம் மாற்று என்று நெசவாளி எண்ணிக்கொண்டே போகலாம். எண்ணிக்கை தவறினால் அல்லது ஓரிடத்தில் பலமாகவும் ஓரிடத்தில் லேசாகவும் அடித்தால் கோட்டின் அகலம் மாறும். அப்படி நெய்த இரண்டு துண்டுகளை உடுப்பில் சேர்க்கும்போது தையலில் கோடுகள் ஒன்றோடொன்று பொருந்தா.

இங்கிலாந்துச் சட்டமே ரேயைத் தனி இனமாகப் பார்த்தது. 1328ஆம் ஆண்டின் சட்டம் ரே துணிக்கு 28 கஜ நீளமும் ஒன்றரை கஜ அகலமும், சாயத் துணிக்கு 26 கஜ நீளமும் அதைவிடக் கால்கஜத்தில் பாதி கூடுதல் அகலமும் விதித்தது.

ஸ்கார்லெட் இந்த வரிசையில் வேண்டுமென்றே குழப்புவதற்கு வந்ததுபோல் இருக்கும். இன்று அது செந்நிறத்தின் பெயர். அன்று அது மிக உயர்ந்த கம்பளித் துணியின் பெயர். நெய்த துணியை முல்தானி மெட்டி போன்ற களிமண்ணோடு தண்ணீரில் போட்டு மிதிப்பார்கள். ரோமத்தின் செதில்கள் ஒன்றோடொன்று பின்னி, பரப்பில் பாதியளவுகூடச் சுருங்கி, நெசவே தெரியாமல் இறுகும். பிறகு முட்தலைச் செடியின் காய்ந்த பூக்கொத்தால் மேற்புறத்தைக் கிளறி, எழும்பும் மயிரைப் பெரிய கத்தரிக்கோலால் பலமுறை வெட்டுவார்கள். நீலம், பச்சை, வெள்ளை ஸ்கார்லெட்டும் இருந்தன. சிவப்புக்குப் பயன்பட்டது மத்தியதரைக்கடல் பகுதியின் ஒருவகைக் குட்டை ஓக் மரத்தில் ஒட்டி வாழும் கெர்மிஸ் பூச்சி. அதன் விலைதான் துணியின் விலையை ஏற்றியது. அந்தச் சிவப்பு அவ்வளவு பெயர் வாங்கியதால் கடைசியில் துணி மறைந்து நிறம் மட்டும் மிஞ்சியது. இதே மிதிப்பு ரே துணிக்குக் கேடு. அளவு மிஞ்சினால் கோடுகளின் விளிம்பு மசமசத்துப் போகும்.

பட்டுப் பெயர்களில் கட்டம் குறைவு, ஊர் அதிகம். பாக்தாதில் அத்தாபிய்யா என்ற பகுதியின் கோட்டுப் பட்டு, ஐரோப்பாவில் டாபி ஆயிற்று. பிறகு அந்தப் பெயர் வரிப்பூனைக்குப் போய்ச் சேர்ந்தது. பாக்தாதின் பெயரே பால்டகின் என்று சரிகைப் பட்டுக்கும், பின்பு அதில் தைத்த மேற்கட்டிக்கும் ஒட்டிக்கொண்டது. டமாஸ்கஸ் தந்த டமாஸ்க்கில் நிறமே இல்லாமல் உருவம் வரும். பாவும் ஊடையும் ஒரே நிறம்தான். பூ உள்ள இடத்தில் பாவு நான்கு ஊடையின் மேல் மிதந்து ஒன்றின் கீழ் போகும். பின்னணியில் ஊடை அப்படி மிதக்கும். மிதக்கும் இழைகள் வெவ்வேறு திசையில் படுத்திருப்பதால் ஒளியையும் வெவ்வேறு பக்கம் திருப்பும். துணியைத் திருப்பிப் பிடித்தால் ஒளிர்ந்த பூ இருளும், இருண்ட பின்னணி ஒளிரும். சிறு கட்டங்களாகத் திரும்பத் திரும்ப வரும் இதேபோன்ற உருவத் துணிக்கு டயப்பர் என்று பெயர். குழந்தைகளுக்குக் கட்டுவது அதற்கு நெடுங்காலம் பிந்தியது.

பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம் என்றால் சாய்க்கும்போது நிறம் மாறும் பட்டு கிடைக்கும். நம் நெசவாளர்கள் மயில்கழுத்து என்கிறார்கள். இதற்குச் சாதாரண நெசவே போதும், ஆனால் இரண்டு நூலும் ஏறத்தாழ ஒரே தடிமன் இருக்க வேண்டும். ஒன்று தடித்தால் அதன் நிறம் மற்றதை விழுங்கிவிடும்.

கடைசிக் கட்டம் கத்தரிக்கோலில். ஒரு பக்கம் ரே, மறு பக்கம் ஒற்றை நிறம் என்று உடுப்பை நடுவே இரண்டாகப் பிரித்துத் தைப்பதற்கு மி-பார்த்தி என்று பெயர். பிரபுக்களின் வீட்டுப் பணியாட்கள் இப்படி உடுத்தினார்கள். நன்றாக மிதித்து இறுகிய துணியையும் லேசாக மிதித்த ரேயையும் ஒரே தையலில் சேர்த்தால், முதல் மழையில் ரே இன்னும் சுருங்கும், மற்றது சுருங்காது. மார்பிலிருந்து இடுப்புவரை தையல் நெளிந்து நிற்கும்.