லேப்ராஸ்கோப்பி: சாவித்துளையா, நுண்துளையா?

ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலைக்குப் போகும் என் பெரியம்மாவுக்குப் பித்தப்பையில் கல். சேலத்தில் பார்த்த டாக்டர் ‘லேப்ராஸ்கோப்பி’ என்றார், ‘கீஹோல்’ (சாவித்துளை) என்றும் சொன்னார். வெளியே வந்ததும் பெரியம்மா கேட்டார்: “வயித்தக் கிழிப்பாங்களா, மாட்டாங்களா கண்ணு?” டாக்டர் சொன்ன இரண்டு சொல்லிலும் அதற்குப் பதில் இல்லை.

‘லேப்பரா’ கிரேக்கச் சொல். விலா எலும்புக்கும் இடுப்புக்கும் நடுவே மெத்தென்று இருக்கும் பகுதி, நாம் அள்ளை என்கிறோமே, அதுதான். ‘ஸ்கோப்பீன்’ என்றால் பார்ப்பது. ஆக, இந்தச் சொல்லில் பார்வை மட்டும்தான் இருக்கிறது, அறுவை இல்லை. தொடக்கத்தில் நடந்ததும் அவ்வளவுதான். 1901இல் ஜெர்மன் டாக்டர் கெல்லிங் ஒரு நாயின் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார். 1910இல் ஸ்வீடனின் யாக்கோபேயஸ் மனிதர்களிடம் அதைச் செய்தார். பார்த்த வழியிலேயே உறுப்பை எடுக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. 1980இல் ஜெர்மன் டாக்டர் குர்ட் செம் குடல்வாலை எடுத்தார், 1985இல் அதே நாட்டு டாக்டர் எரிக் மூயே பித்தப்பையை எடுத்தார். இந்தியாவில் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 1990இல் டாக்டர் உத்வாடியா பித்தப்பையை இப்படி அகற்றினார்.

சரி, தமிழில்? ‘சாவித்துளை அறுவை’ என்று சிலர் எழுதுகிறார்கள். சாவியே போர்ச்சுகீசியச் சொல், தமிழில் திறவுகோல். எனக்கு அதைவிடப் பெரிய குறை, அது தரும் படம். சாவித்துளை ஒன்றுதான் இருக்கும். பித்தப்பைக்கு வழக்கமாக மூன்று, நான்கு துளைகள். தொப்புள் பக்கம் கேமரா, மற்றவற்றில் கருவிகள். இடம் கிடைக்க வயிற்றைக் கார்பன் டை ஆக்சைடால் உப்ப வைப்பார்கள்.

பெரியம்மா ஊரில் சொன்னது, “நாலு ஓட்டை போட்டு எடுத்தாங்க.” அதை ஒட்டி வருவதால் ‘நுண்துளை அறுவைச் சிகிச்சை’ என்பதே சரி என்பேன். துளைகள் அரை முதல் ஒரு சென்டிமீட்டர்தான். தழும்பு சிறிது, வலி குறைவு, புண்ணில் சீழ் பிடிப்பதும் தழும்பில் குடலிறக்கம் வருவதும் குறைவு, வீட்டுக்கும் சீக்கிரம் போகலாம். கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த நாட்கள் எவ்வளவு பெரிது!

ஆனால் ‘நுண்’ என்பது துளைக்கு மட்டும். உள்ளே நடப்பது முழு அறுவைதான், முழு மயக்கமும் உண்டு. உறுப்புகள் ஒட்டிக்கிடந்தால் நடுவிலேயே வயிற்றைத் திறக்க வேண்டியும் வரலாம். இதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், மறுநாள் தோள்பட்டை வலித்தால் பயப்பட வேண்டாம். வயிற்றில் மிஞ்சிய வாயு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலி அது, சில நாளில் தணியும். தணியாவிட்டாலோ, காய்ச்சலோ மூச்சுத் திணறலோ சேர்ந்தாலோ உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.