உந்தம்

நகரும் பொருளின் நிறையை அதன் திசைவேகத்தால் பெருக்கினால் கிடைப்பது உந்தம். அலகு கிலோகிராம் மீட்டர்/விநாடி. அளவோடு திசையும் சேர்ந்தது.

ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் 'மொமெண்டம்' இலத்தீன் சொல். நகர்த்து என்று பொருள்படும் 'மோவேரே' என்ற வினையிலிருந்து பிறந்தது. கணநேரம் என்ற பொருளும் அதற்கு உண்டு. 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மெய்யியலாளர் டெகார்ட்டும், 1687இல் நியூட்டனும் உந்தத்தை 'இயக்கத்தின் அளவு' என்றே எழுதினார்கள். டெகார்ட் திசையைக் கணக்கில் சேர்க்கவில்லை. அவர் வகுத்த மோதல் விதிகளில் பெரும்பாலானவை பிழையாகிப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். திசையைச் சேர்த்துச் சரியாகக் கணக்கிட்டவர்களில் டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் முக்கியமானவர்.

தமிழில் நோக்கு நோக்கம் ஆவதுபோல், உந்து உந்தம் ஆனது. குறுகிய, நல்ல சொல். ஆனால் கொஞ்சம் வழுக்கும். உந்துவது விசையின் வேலை. உந்தமோ, யாரும் உந்தாதபோதும் ஓடும் பொருளிடம் இருப்பது. மாணவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வதில் இந்தப் பெயருக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

மொத்த உந்தம் மாறாமலிருப்பது பற்றிய விதியின் பெயர் பலவாறாக வழங்குகிறது. தமிழ்நாட்டில் 'உந்த அழிவின்மை விதி', 'உந்தம் மாறா விதி' இரண்டும் உண்டு. இலங்கையில் 'உந்தக் காப்பு'. என் வாக்கு 'மாறா'வுக்கு. ஆனால் மாறாதது எது என்பதையும் சொல்லவேண்டும்: வெளிவிசை இல்லாதபோது, மொத்த உந்தம். தனிப்பொருளின் உந்தம் தாராளமாக மாறும்.

அசையாமல் நிற்கும் 120 கிலோ படகிலிருந்து 60 கிலோ எடையுள்ளவர் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் கரைக்குத் தாவினால், நீரின் தடையைப் பொருட்படுத்தாவிட்டால், படகு விநாடிக்கு 1 மீட்டர் பின்வாங்கும். முன்னே 120, பின்னே 120. எதிரெதிர்த் திசைகள் என்பதால், கூட்டினால் தாவுவதற்கு முன்பிருந்த அதே சுழி. உருண்டு நின்றுவிடும் பந்தின் உந்தம் எங்கே போனது? உராய்வின் வழியே பூமிக்கு. பூமியின் நிறை சுமார் 6×10²⁴ கிலோ; அதனால் அது அசைந்தது தெரிவதில்லை.

விளையாட்டு வருணனையில் வரும் 'மொமெண்டம்' வேறு. அங்கே உந்தம் என்று போடுவது பொருந்தாது. 'ஆட்டத்தின் போக்கு' போதும்.