சின்னக் கையும் பெரிய பிஸ்டல் பிடியும்

முதல் தடவை ஏர் பிஸ்டல கையில எடுத்தப்ப என் ஆள்காட்டி விரல் ட்ரிகர் வரைக்கும் போச்சு, ஆனா நுனி மட்டும்தான் போச்சு. நகத்துக்கு அடியில இருக்குற சதை ட்ரிகர்ல உக்காரவே இல்ல, கிள்ளுற மாதிரிதான் இழுக்க முடிஞ்சுது, குண்டு எல்லாம் இடது பக்கமா போய் விழுந்துச்சு. சொல்லிக்குடுத்தவர் பாத்துட்டு "கைய இன்னும் கொஞ்சம் சுத்திப் பிடிம்மா"ன்னார். சுத்திப் பிடிச்சேன், விரல் எட்டிடுச்சு, ஆனா இப்ப குண்டு ஒன்னு அங்க ஒன்னு இங்கன்னு சிதற ஆரம்பிச்சுது. ரெண்டு மாசம் என் கண்ணையும் மூச்சையும்தான் சந்தேகப்பட்டுட்டு இருந்தேன். பிடி பெருசா இருக்கலாம்னு தோணவே இல்ல, ஏன்னா அந்தப் பிடிய வச்சுதான் எங்க கூட இருந்த மத்தவங்க எல்லாம் நல்லாவே சுட்டுட்டு இருந்தாங்க.

பெரியவங்கள்ல ஆண்களோட கை நீளம், அதாவது மணிக்கட்டு ரேகைல இருந்து நடுவிரல் நுனி வரைக்கும், சராசரியா 19 செ.மீ பக்கம், பெண்களுக்கு 17 செ.மீ பக்கம். 2 செ.மீ தானேன்னு நினைக்காதீங்க, பிஸ்டல்ல கணக்கே மில்லிமீட்டர்லதான்.

அது எவ்ளோ சின்னக் கணக்குன்னு ஒரு தடவை போட்டுப் பாத்துடலாம். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டில 10 பாயிண்ட் வட்டத்தோட விட்டம் 11.5 மி.மீ, குண்டோட விட்டம் 4.5 மி.மீ, குண்டோட ஓரம் கோட்டத் தொட்டாலே அந்தப் பாயிண்ட் கிடைக்கும்ங்கறதால குண்டோட நடுப்புள்ளி இலக்கோட மையத்துல இருந்து 8 மி.மீ வரைக்கும் விலகலாம். இப்ப பிஸ்டலுக்கு வாங்க, குறி பாக்க முன்னாடி இருக்குற ஃப்ரண்ட் சைட்டுக்கும் பின்னாடி இருக்குற ரியர் சைட்டுக்கும் நடுவுல 350 மி.மீ இருக்குன்னு வச்சுக்குங்க, 10 மீட்டர் தள்ளி 8 மி.மீ விலகணும்னா இங்க ஃப்ரண்ட் சைட் 0.28 மி.மீ நகந்தா போதும். மூணு வெள்ளைத் தாள அடுக்கினா எவ்ளோ தடிமனோ அவ்ளோதான். அதுக்கு மேல போனா 9. ஒரு முழு மில்லிமீட்டர் நகந்துச்சுன்னா அங்க 28 மி.மீக்கு மேல தள்ளிப் போகும், அது 7.

இந்த மூணு தாள் தடிமனத்தான் நம்ம விரல் கெடுத்து வைக்குது. போட்டி விதிப்படி ஏர் பிஸ்டல் ட்ரிகர் குறைஞ்சது 500 கிராம் தாங்கணும், பிஸ்டல் மொத்தமாவே ஒரு கிலோ பக்கம்தான் இருக்கும், அப்ப துப்பாக்கி எடைல பாதி அளவு விசைய ஒரு விரலால குடுக்குறோம். அது நேரா பின்னாடி வந்தா பிரச்சனையே இல்ல. ஆனா விரல் எட்டாம நுனியால இழுக்கும்போது விசை சாய்வா போகுது, வெறும் 10 டிகிரி சாஞ்சாலே 500 கிராம்ல கிட்டத்தட்ட 87 கிராம் பக்கவாட்டுல தள்ளும், வலது கைக்காரங்களுக்கு அது இடது பக்கம். ஒரு கிலோ பொருள கைய நீட்டிப் பிடிச்சுட்டு இருக்கும்போது அதோட பக்கத்துல யாரோ 87 கிராம வச்சு அமுக்குறாங்கன்னு யோசிச்சுப் பாருங்க, அதுவும் குண்டு கிளம்புற அதே நொடில. நான் ரெண்டு மாசமா இடது பக்கம் சுட்டதுக்குக் காரணம் இதேதான்.

சுத்திப் பிடிச்சப்ப என்ன ஆச்சுன்னா, பிடியோட பின்பக்கம் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்குற கவட்டைல உக்காரணும், அது அங்க இருந்து நழுவி கட்டைவிரலோட அடிமூட்டுக்கு வந்துடுச்சு. அப்ப குழலும் முன்கையும் ஒரே கோட்டுல இல்ல, குழல் வலது பக்கம் திரும்பி நிக்குது, அத நேராக்க மணிக்கட்ட உள்பக்கமா மடக்கணும், மடக்குன மணிக்கட்ட ஒவ்வொரு குண்டுக்கும் அதே கோணத்துல நிறுத்துறதுங்கறது முடியுற காரியம் இல்ல, போட்டில பெரியவங்களுக்கு 60 குண்டு. ஏர் பிஸ்டல்ல உதைப்பு ரொம்பக் கம்மிங்கறதால இது வெறும் சிதறலோட போச்சு, உதைப்பு ஜாஸ்தி இருக்குற துப்பாக்கின்னா உதை நேரா அந்த மூட்டுல வந்து விழும், கொஞ்ச நாள்ல வலிக்க ஆரம்பிச்சுடும்.

இதவிட எனக்குப் பெருசா தெரியுற விஷயம் வேற ஒன்னு இருக்கு. விரல மடக்குற பெரிய தசைங்க விரல்ல இல்ல, முன்கைல இருக்கு, அங்க இருந்து தசைநாண் கயிறு மாதிரி மணிக்கட்டு வழியா விரலுக்கு ஓடுது. இடது கையால உங்க வலது முன்கைய லேசா பிடிச்சுட்டு விரல்கள மடக்குங்க, உள்ள ஏதோ ஓடுறது கைக்குத் தெரியும். நடு, மோதிர, சுண்டு விரல் மூணும் இறுக்கிப் பிடிக்கும்போது ஆள்காட்டி விரல மட்டும் தனியா, மெதுவா அசைக்கறது கஷ்டம், மூளை அனுப்புற உத்தரவு பக்கத்து விரலுக்கும் கொஞ்சம் கசியும். பிடி பெருசா இருந்தா விரல்கள் முழுசா சுத்தி வராது, அப்ப நழுவாம இருக்க இன்னும் இறுக்கணும், இறுக்க இறுக்க ஆள்காட்டி விரலும் விறைக்குது, போதாக்குறைக்கு தசை எவ்ளோ அழுத்தம் குடுக்குதோ அவ்ளோ அதோட நடுக்கமும் கூடும். சின்னக் கைக்காரங்ககிட்ட "உனக்குக் கையில பலம் பத்தல, பந்து வாங்கி அமுக்கு"ன்னு சொல்றவங்கள நெறைய பாத்துட்டேன். நானும் அமுக்கினேன். பலம் வந்துச்சு, குண்டு அதே இடத்துலதான் விழுந்துச்சு.

சரி, பிடிய எங்க குறைக்கணும்? முதல்ல மரத்தத் தொடாதீங்க. போட்டிக்குன்னு செய்யுற பிஸ்டல் பெரும்பாலானதுல ட்ரிகர் பிளேட் ஒரு சின்னத் தண்டுமேல முன்ன பின்ன நகரும், ஒரு ஸ்க்ரூவ தளத்தி அத கடைசி வரைக்கும் பின்னாடி கொண்டு வாங்க. பாதிப் பேருக்கு இதுலயே தீந்துடும். அதே மாடலுக்கு சின்ன சைஸ் பிடி தனியா கிடைக்குதான்னும் பாத்துடுங்க. இவ்ளோ பண்ணியும் எட்டலன்னாதான் அரம், உப்புத்தாள் எல்லாம். துப்பாக்கி காலின்னு ரெண்டு தடவை பாத்துட்டு பிடிய கழட்டி எடுத்துட்டு, மரத்துல மட்டும் வேலை பாருங்க, ட்ரிகர் மெஷின் உள்ள கைய வைக்கறது நம்ம வேலை இல்ல. இந்தப் பிடிங்க அனேகமா வால்நட் மரம், அந்தத் தூள் தோலையும் மூச்சையும் உறுத்தும், மாஸ்க் போட்டுக்குங்க.

எல்லாரும் பின்பக்கத்தத்தான் முதல்ல தேய்ப்பாங்க, நானும் அதையேதான் பண்ணேன், 3 மி.மீ எடுத்தேன், விரல் 3 மி.மீ முன்னாடி வந்துச்சு, சந்தோஷமா இருந்துச்சு. மறுநாள் ரேஞ்சுல பாத்தா பிஸ்டல் கைக்குள்ள ஆடுது. உள்ளங்கைக் குழிய நிரப்பிட்டு இருந்த மேட்டையும் சேத்துத் தேச்சுட்டேன், அங்க ஒரு வெற்றிடம் விழுந்துடுச்சு, கை ஒவ்வொரு தடவையும் வேற வேற இடத்துல போய் உக்காருது. அத எபாக்சி புட்டி, அதாவது பூசுனா காஞ்சு கெட்டியாகுற பசை, வச்சு திரும்ப நிரப்ப எனக்கு ஒரு வாரம் ஆச்சு.

உண்மைல நல்ல இடம் பக்கவாட்டுலதான் இருக்கு. வலது கைக்காரங்கன்னா பிடியோட வலது பக்கம், ட்ரிகருக்குப் பின்னாடி, ஆள்காட்டி விரலோட அடிப்பாகம் மரத்துமேல ஏறிப் போற அந்தச் சின்ன மேடு. விரல் ட்ரிகருக்கு நேர்கோட்டுல போகல, அந்த மேட்டச் சுத்திட்டுதான் போகுது, சுத்து வழிய குறைச்சா விரலுக்கு நீளம் மிச்சம். பின்பக்கத்தத் தொடவே வேணாம். கூடவே இன்னொரு நன்மையும் இருக்கு, விரல் மரத்த உரசிட்டே இழுத்தா அந்த உரசல் துப்பாக்கியையும் சேத்து இழுக்கும், மேட்ட எடுத்துட்டா விரலுக்கும் மரத்துக்கும் நடுவுல ஒரு இடைவெளி வந்துடும், பின்னாடி இருந்து பாத்தா அது வழியா வெளிச்சம் தெரியணும். விரலோட முதல் சதைல நடுப்பகுதி ட்ரிகர்ல படணும், இழுவை நேரா பின்னாடி வரணும், இதுக்குத்தான் இவ்ளோ பாடும்.

மத்த மூணு விரலுக்கும் ஒரு கணக்கு இருக்கு. உருளையோட சுத்தளவு விட்டத்தப்போல மூணு மடங்குக்குக் கொஞ்சம் மேலங்கறது பள்ளிக்கூடத்துல படிச்சதுதான், அப்ப பிடியோட விட்டத்துல 2 மி.மீ குறைச்சா சுத்தளவுல 6 மி.மீக்கு மேல குறையும். பிடி சரியான உருளை இல்லன்னாலும் ஏறக்குறைய இதே மாதிரிதான், அதனால ரெண்டு பக்கமும் ஒவ்வொரு மில்லிமீட்டர் எடுத்தா விரல் நுனி எவ்ளோ தள்ளி வந்து உக்காருதுன்னு உங்களுக்கே ஆச்சரியமா இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு தேச்சேன், கைக்கு வேற பிடி மாதிரி இருந்துச்சு.

எங்க தேய்க்கறதுன்னு கண்டுபிடிக்க லிப்ஸ்டிக்க விட நல்ல கருவி நான் பாத்ததில்ல. உள்ளங்கைலயும் விரல்லயும் மெல்லிசா பூசிட்டு பிஸ்டல எப்பவும் போல பிடிச்சு, கைய நீட்டி, இறக்கி, கைய எடுத்துப் பாருங்க, மரத்துல எங்க அடர்த்தியா ஒட்டியிருக்கோ அங்க அழுத்தம் ஜாஸ்தி, எங்க ஒட்டவே இல்லையோ அங்க கையே படல. என் முதல் பதிவுல சுண்டு விரலுக்குக் கீழ ஒரு செவப்புப் பொட்டு, கட்டைவிரல் மூட்டுல ஒரு பட்டை, நடுவுல வெறும் மரம். அடர்த்தியான இடத்துல அரை மில்லிமீட்டர் தேய்க்கறது, துடைக்கறது, திரும்பப் பூசறது, இப்படியே போகணும். ஒவ்வொரு தேய்ப்புக்கும் நடுவுல ரெண்டு மூணு நாள் குண்டு போடாம ட்ரை ஃபயர் மட்டும் பண்ணுங்க, கை புது வடிவத்துக்குப் பழக நேரம் வேணும், அவசரப்பட்டா நான் பண்ணத நீங்களும் பண்ணுவீங்க. வெறும் மரமா இருந்த இடத்துல புட்டி வச்சு, மேல மெல்லிசு பிளாஸ்டிக் தாள் போத்தி, கையால அமுக்கி அச்சு எடுத்து காய விடலாம். சின்னக் கைக்குக் குறைச்சா மட்டும் போதும்னு நினைக்கறது தப்பு, குறைச்ச அளவுக்குப் பாதியாவது வேற இடத்துல ஏத்த வேண்டி வரும்.

சரியா வந்துச்சான்னு பாக்க, இலக்கப் பாத்து நின்னு, கண்ண மூடிட்டு கைய ஏத்தி, ரெண்டு மூச்சு விட்டு, கண்ணத் திறங்க. ஃப்ரண்ட் சைட் ரியர் சைட்டோட நடுவுல தானா வந்து நின்னா பிடி கைக்கு உக்காந்துடுச்சு. எப்பவும் ஒரே பக்கமா ஒதுங்கி நின்னா இன்னும் வேலை பாக்கி இருக்கு.

மரம் இல்லாத, பிளாஸ்டிக் உடம்போட வர்ற பிஸ்டல்ல இதெல்லாம் செல்லாது. 2010-ல வந்த க்ளாக் கம்பெனியோட நாலாம் தலைமுறை பிஸ்டல் மாதிரி நெறைய மாடல்ல பின்பக்கத் தகட மாத்திப் போட்டுக்கலாம், ஆனா அந்தத் தகடுங்க பிடிய பெருசாக்கத்தான் உதவும், இருக்குறதுலயே சின்ன அளவ விட சின்னதா போக முடியாது. பிளாஸ்டிக் உடம்ப வீட்டுல அரம் வச்சுத் தேய்க்காதீங்க, உள்ள கூடு, சட்டுனு ஓட்டை விழும்.

போட்டிக்குப் போறவங்க புட்டி வைக்கும்போதே விதியையும் மனசுல வச்சுக்கணும். ஏர் பிஸ்டல் முழுசா 420 க்கு 200 க்கு 50 மி.மீ பெட்டிக்குள்ள அடங்கணும், உள்ளங்கையோட அடிப்பகுதி உக்காருற தட்டு மேல் நோக்கி வளையக் கூடாது, பிடி கையச் சுத்தி வளைச்சுக்கக் கூடாது, மணிக்கட்டு எந்தத் தாங்கலும் இல்லாம வெளிய தெரியணும். 50 மி.மீ அகலம்ங்கறதுதான் மாட்டிவிடுற இடம், உள்ளங்கைப் பக்கம் ஏத்துன புட்டி ஒரு மில்லிமீட்டர் ஜாஸ்தியானாலும் பெட்டிக்குள்ள போகாது.

எல்லாம் முடிஞ்ச கையோட வார்னிஷ் அடிக்கத் தோணும், பளபளன்னு இருக்கும்னு நானும் ஆசப்பட்டேன். வேணாம், வேர்வை பட்டா வழுக்கும், வழுக்குனா திரும்ப இறுக்கிப் பிடிக்க வேண்டி வரும். நான் மெல்லிசா ஆளி விதை எண்ணெய் மட்டும் தடவி, உள்ளங்கை படுற இடத்துல கூர் ஊசியால சின்னச் சின்னப் புள்ளியா குத்தி சொரசொரப்பா விட்டிருக்கேன், அதையும் ஒன்றரை மாசம் சுட்டுப் பாத்து, லிப்ஸ்டிக் உள்ளங்கை முழுக்க ஒரே நிறத்துல ஒட்டுனதுக்கு அப்புறம்தான் பண்ணேன்.