நெட் இல்லாவிட்டால் குரோம்புக் என்ன செய்யும்?

குரோம்புக் என்பது வின்டோஸுக்குப் பதிலாகக் கூகிளின் குரோம் ஓஎஸ்ஸில் ஓடும் லப்டொப். அதைப் பற்றி யாழ்ப்பாணத்தில் யாரிடம் பேசினாலும் முதலில் வரும் கேள்வி, “நெட் இல்லாட்டி அதை வச்சு என்ன செய்யிறது?” என்பதுதான். கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2011இல் சாம்சங்கும் ஏசரும் முதல் குரோம்புக்குகளை விற்பனைக்கு விட்டபோது, இணைப்பு இல்லையென்றால் அவற்றில் உருப்படியாக ஒன்றும் செய்ய முடியாமல்தான் இருந்தது. அந்தப் பெயர் இன்னும் போகவில்லை. நிலைமை எப்போதோ மாறிவிட்டது.

கிளவுட் லப்டொப் என்றதும், வேலையெல்லாம் எங்கோ தூரத்துக் கணினியில் நடக்கிறது, நம் மடியில் இருப்பது வெறும் திரை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. உள்ளே புரொசசர் இருக்கிறது, மெமரி இருக்கிறது, இயங்குதளத்தின் அடிமட்ட நிரலான லினக்ஸ் கேர்னலின் மேல் குரோம் பிரவுசர் ஓடுகிறது. உழைப்பது மடியில் இருக்கும் கருவிதான். தூரத்தில் இருப்பது நம் கோப்புகளின் பிரதி.

கூகிள் டொக்ஸில் பிரதேச செயலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். ஒரு விசையை அழுத்தியதும் அந்த எழுத்தைத் திரையில் வரைவது உங்கள் பிரவுசர். யாரிடமும் கேட்டுவிட்டு வரைவதில்லை. அதன் பிறகுதான் “214ஆவது இடத்தில் இந்த எழுத்தைச் சேர்” என்று ஒரு சின்னக் குறிப்பு பின்னணியில் கூகிளுக்குப் போகிறது. இந்த வரிசை முக்கியம். ஃபைபர் கேபிளில் ஒளி செக்கனுக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் ஓடும். கூகிளின் டேட்டா சென்டர்களில் ஒன்று இருக்கும் சிங்கப்பூர், கொழும்பிலிருந்து ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர். நேர்கோட்டில் போய்வந்தாலே 27 மில்லிசெக்கன் ஆகும். கேபிள் வளைந்து போகும் பாதையும் நடுவில் உள்ள கருவிகளும் சேர்ந்தால் அதைவிடக் கூடும். மாலையில் ஊரே வீடியோ பார்க்கும் நேரத்தில், ஒவ்வொரு எழுத்தும் கடல் தாண்டிப் போய் வந்த பிறகுதான் தெரியும் என்றால் யாரும் இரண்டு வரி எழுதமாட்டார்கள்.

இப்போது கரண்ட் போகிறது. ரவுட்டர் அணைந்துவிட்டது, லப்டொப் பற்றரியில் ஓடுகிறது. நீங்கள் எழுதிக்கொண்டே இருக்கலாம். போக முடியாத குறிப்புகளை பிரவுசர் கருவிக்குள்ளேயே ஒரு சிறிய தரவுத்தளத்தில் வரிசையாகச் சேர்த்து வைக்கும். இணைப்பு வந்ததும் அதே வரிசையில் அனுப்பும். அந்த இடைவெளியில் ரொறன்ரோவில் இருக்கும் தம்பி அதே கடிதத்தின் தொடக்கத்தில் பத்து எழுத்துகளை அழித்துவிட்டார் என்றால்? நீங்கள் சொன்ன 214ஆவது இடம் இப்போது 204ஆவது இடம். கூகிளின் சேர்வர் உங்கள் குறிப்பில் உள்ள எண்ணை 204 என்று திருத்திவிட்டுத்தான் கடிதத்தில் சேர்க்கும். ஆப்பரேஷனல் டிரான்ஸ்ஃபர்மேஷன் என்று இதற்குப் பெயர். இரண்டு பேரின் திருத்தமும் ஒன்றையொன்று அழிக்காமல் தப்புவது இதனால்தான்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே செய்ய வேண்டும். இணைப்பு இருக்கும்போதே கூகிள் டிரைவ் செட்டிங்கில் ஆஃப்லைன் வசதியைப் போட்டுவிட வேண்டும். கரண்ட் போன பிறகு அதைத் தேடிப் பயனில்லை.

2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டியது யாருக்கும் மறந்திருக்காது. அப்படிப்பட்ட நாளில் மின்செலவுதான் பெரிய கேள்வி. எளிய குரோம்புக்குகள் பல, கடிதம் எழுதுவது போன்ற வேலைகளுக்குப் பத்து வாட்டுக்கும் குறைவாகவே எடுக்கும். சிலவற்றில் காற்றாடிகூடக் கிடையாது, ஆகவே தூசியை உள்ளே இழுக்காது. யூஎஸ்பி-சியில் சார்ஜ் ஏறும் என்பதால், லப்டொப்புக்குப் போதுமான வாட் தரும் பவர் பாங்க் இருந்தாலும் சமாளிக்கலாம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, பவர் பட்டனை அழுத்தியதும் முதல் சில செக்கன்களில் நடக்கும் சோதனை. முதலில் ஓடும் நிரல், எழுதி மாற்ற முடியாதபடி பூட்டப்பட்ட சிப்பில் இருக்கிறது. அது அடுத்து வரும் நிரலின் டிஜிட்டல் கையொப்பம் சரியா என்று பார்க்கும். அந்த நிரல் கேர்னலைப் பார்க்கும். கேர்னல், சிஸ்டம் கோப்புகளை 4 கிலோபைட் துண்டுகளாகப் படிக்கும்போது ஒவ்வொரு துண்டுக்கும் ஹாஷ் என்ற எண்ணைக் கணக்கிட்டு, இருக்க வேண்டிய எண்ணோடு ஒப்பிடும். ஒரேயொரு பிட் மாறியிருந்தாலும் எண் பொருந்தாது, அந்தத் துண்டு ஏற்கப்படாது. அப்போது என்ன ஆகும்? கருவிக்குள் சிஸ்டத்துக்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று கெட்டால் மற்றதிலிருந்து எழும்பப் பார்க்கும். அப்டேட்டும் பயன்பாட்டில் இல்லாத இடத்தில்தான் எழுதப்படும். பாதி அப்டேட்டில் பற்றரி தீர்ந்து அணைந்தாலும், ஓடிக்கொண்டிருந்த சிஸ்டத்துக்கு ஒன்றும் ஆகாது.

கொமினிகேசன் கடையில் பிரிண்ட் எடுக்கப் போய் பென் டிரைவில் வைரஸோடு திரும்புவது நம்மூரில் வழக்கம். அந்த வைரஸ் வின்டோஸுக்கு எழுதப்பட்டது. குரோம்புக்கில் அது அசையாது. ஆனால் போலி லொகின் பக்கத்தில் பாஸ்வேர்டை நாமே தட்டிக் கொடுத்தால் எந்தச் சோதனையும் காப்பாற்றாது. இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம் வேண்டும். இன்னொன்று, டவுன்லோட்ஸ் ஃபோல்டர் கிளவுட்டுக்குத் தானாகப் போவதில்லை. லப்டொப் கிணற்றில் விழுந்தால் டிரைவில் உள்ள கடிதம் பிழைக்கும், டவுன்லோட்ஸில் உள்ள படம் பிழைக்காது.

நமக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு: பாமினி. அச்சகத்தில் இருந்தோ பழைய அலுவலகத்தில் இருந்தோ வரும் வேர்ட் கோப்பு பெரும்பாலும் பாமினியில் இருக்கும். அது ஆங்கில எழுத்துகளின் எண்களுக்கு மேல் தமிழ் வடிவங்களைப் போர்த்திய எழுத்துரு. குரோம் ஓஎஸ்ஸில் வின்டோஸ் போல எழுத்துருவைப் போட்டுக்கொள்ள வழியில்லை, ஆகவே திரையில் ஆங்கிலக் குப்பைதான் தெரியும். எல்லாக் கருவியும் படிக்கும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றித் தரும் தளத்தில் ஒட்டி மாற்ற வேண்டும். பிடிஎஃபாக அனுப்பச் சொன்னால் பெரும்பாலும் தொல்லையில்லை, எழுத்துரு அதற்குள்ளேயே வந்துவிடும். தமிழ் தட்டச்சுக்குத் தமிழ்99, ஒலிபெயர்ப்பு இரண்டும் செட்டிங்கிலேயே இருக்கின்றன.

ஓட்டோகாட், ஃபோட்டோஷொப்பின் முழுப் பதிப்பு, வின்டோஸுக்கு மட்டும் ட்ரைவர் உள்ள பழைய பிரிண்டர் ஆகியவை தேவைப்படுபவர் இதை வாங்க வேண்டாம். ஏ.எல். மாணவருக்கும், கடைக் கணக்கை ஷீட்ஸில் வைப்பவருக்கும், நூலகம் தளத்தில் பழைய ஈழத்து இதழ்களைப் படிப்பவருக்கும் இது தாராளமாகப் போதும்.

வெளிநாட்டு உறவினர் மூலம் பழையதை எடுப்பதென்றால் இரண்டு விஷயம் பாருங்கள். 2021 முதல் வந்த மொடல்களுக்குப் பத்து ஆண்டுகள் அப்டேட் உண்டு என்று கூகிள் 2023இல் அறிவித்தது. அந்தப் பத்து ஆண்டு, மொடலின் அடிப்படை வன்பொருள் வெளியானதிலிருந்து ஓடுகிறது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. முடியும் தேதி செட்டிங்கில் இருக்கும். அடுத்தது, பாடசாலை ஒன்று தன் பெயரில் பதிந்து வைத்த கருவியா என்பது. அப்படியென்றால் முழுதாக அழித்துத் தொடங்கினாலும் நெட்டில் இணைந்ததும் தொடரிலக்கத்தை வைத்து மறுபடி அந்தப் பாடசாலையின் கட்டுப்பாட்டுக்கே போய்விடும். பதிவை நீக்க அந்தப் பாடசாலையால்தான் முடியும். காசு கொடுக்கும் முன் சொந்த ஜிமெயிலால் ஒருமுறை உள்ளே போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.