மாமியார் பெயரை விட்டுவிடாதீர்கள்

கணவர் இறந்து சில மாதம் கழித்து என் அலுவலகத்துக்கு வரும் பெண்கள் கையில் இறப்புச் சான்று, பாஸ்புக், எல்ஐசி பாலிசி, வீட்டுப் பத்திரத்தின் நகல் எல்லாம் இருக்கும். "எல்லாத்துலயும் நான்தான் சார் நாமினி. அப்புறம் எதுக்கு வாரிசுச் சான்றிதழ்?" என்பார்கள். நான் முதலில் கேட்பது, "உங்க மாமியார் இருக்காங்களா?"

1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் சொத்துக்கு மனைவி, மகன், மகளோடு அவருடைய அம்மாவும் முதல் வகுப்பு வாரிசு. ஆளுக்குச் சம பங்கு. இவர்களில் ஒருவர் இருந்தாலும் அப்பாவுக்குப் பங்கு வராது. அவர் இரண்டாம் வகுப்பு. ஆக, இரண்டு பிள்ளைகள் இருக்கும் குடும்பத்தில் மனைவிக்குக் கால் பங்கு என்றால், அம்மாவுக்கும் கால் பங்கு. இறந்தவர் தன் சம்பளத்தில் லோன் போட்டு வாங்கிய வீடாக இருந்தாலும் கணக்கு இதுதான். (முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்குச் சட்டம் வேறு.)

நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்பவர், அவ்வளவுதான். பெற்ற பணம் வாரிசுகளுக்குப் போய்ச்சேர வேண்டியது. காப்பீட்டுப் பணம் பற்றிய ஒரு வழக்கில் 1984-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. கம்பெனி பங்குகளுக்கும் அப்படித்தான் என்று 2023 டிசம்பரில் சொன்னது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பிறகு, பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே என்று சட்டத்தில் இருக்கிறது. அதிலும் உயர் நீதிமன்றங்கள் ஒரே மாதிரி தீர்ப்புச் சொல்லவில்லை.

வங்கிப் பணத்தில் வரும் சிக்கல் சிறியது. வீட்டில்தான் பெரிய சிக்கல். "அத்தை ஊர்ல இருக்காங்க, அவங்க எதுவும் கேக்க மாட்டாங்க" என்று வாரிசுச் சான்றிதழ் விண்ணப்பத்தில் அவர் பெயரை விட்டுவிடுகிறார்கள். ஏமாற்றும் எண்ணம் எதுவும் இல்லை. மகனைப் பறிகொடுத்த கிழவியை எதற்குத் தாலுகா ஆபீசுக்கு அலைக்கழிப்பது என்ற பரிவுதான் பல வீடுகளில். பல வருஷம் கழித்து வீட்டை விற்கப் போகும்போது, வாங்குபவரின் வக்கீல் பத்திரங்களைப் புரட்டிவிட்டு, "இறந்தவரோட அம்மா அப்போ உயிரோட இருந்தாங்களா?" என்று கேட்பார். அதற்குள் அந்த அம்மாவும் போய்ச் சேர்ந்திருப்பார்.

அவர் இறந்துவிட்டார் என்பதால் பங்கு மறைந்துவிடாது. மகன் இறந்த நிமிஷமே கால் பங்கு அவருடையதாகிவிட்டது. அந்த அம்மாவின் கணவர் முன்பே இறந்து, அவருக்கு இன்னொரு மகனும் மகளும் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய கால் பங்கு மூன்றாகப் பிரியும்: மகனுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று, முன்பே இறந்த மகனின் பிள்ளைகளுக்குச் சேர்த்து ஒன்று. அதாவது கொழுந்தனும் நாத்தனாரும் சேர்ந்து அந்த வீட்டில் ஆறில் ஒரு பங்குக்குச் சொந்தக்காரர்கள். அவர்கள் கையெழுத்து இல்லாமல் வீடு முழுதாகக் கைமாறாது. ஒருவர் சிங்கப்பூரில் இருந்தால் பவர் பத்திரம் அங்கிருந்து வர வேண்டும். பேச்சுவார்த்தையே இல்லை என்றால் பாகப்பிரிவினை வழக்குதான். தனியாளாகப் பிள்ளைகளை வளர்த்த பெண், கல்லூரிக் கட்டணத்துக்கு வீட்டை விற்க வரும் நேரத்தில் இதைச் சொல்ல எனக்கு மனசே வராது.

அதனால் விண்ணப்பத்தில் அம்மா பெயரைக் கட்டாயம் எழுதுங்கள். பங்கு வேண்டாம் என்று அவரே சொன்னால், பேரப்பிள்ளைகள் பெயருக்கோ மருமகள் பெயருக்கோ விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள். 20 ரூபாய் பத்திரத்தில் கைரேகை வாங்கி பீரோவில் வைப்பதால் பயனில்லை. வீடு, நிலம் மீதான உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரம் பதிவாகியே ஆக வேண்டும். மைனர் பிள்ளைகளின் பங்கை விற்பதென்றால் நீதிமன்ற அனுமதியும் வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். விடுதலை எழுதிக்கொடுக்கச் சொல்லி அந்த அம்மாவை யாரும் நெருக்கக் கூடாது. மகனின் வருமானத்தை நம்பியே இருந்தவருக்கு அந்தக் கால் பங்குதான் கடைசிக் காலத்துக்கான பிடிமானமாக இருக்கலாம். எதில் கையெழுத்துப் போடுகிறார் என்பதை அவருக்குப் புரியும்படி படித்துக் காட்டுங்கள். முடிந்தால் அவருக்கென்று தனியாக ஒரு வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள். சம்மதித்து எழுதிக்கொடுக்கிறார், ஆனால் படுத்த படுக்கையாக இருக்கிறார் என்றால், விண்ணப்பித்துக் கட்டணம் கட்டினால் சார்பதிவாளரே வீட்டுக்கு வந்து பதிவு செய்ய வழி இருக்கிறது.