ஓட்டம் நின்ற பின்னும் ஓடும் இதயம்

வழக்கமாக நிமிடத்துக்கு 65 முறை துடிக்கும் இதயம், ஓடி முடித்து அரை மணி நேரம் உட்கார்ந்திருந்த பின்னும் 90-க்குக் கீழே இறங்கவில்லை என்று கைக்கடிகாரம் காட்டினால், மனம் கலங்குவது இயல்பே. ஆனால் அந்த 90-ஐ ‘ஓய்வுநிலைத் துடிப்பு’ என்று கொள்வதிலேயே பிழை தொடங்குகிறது. உடல் அசையாமல் இருப்பது வேறு, ஓய்வில் இருப்பது வேறு.

இதயத்தின் வலது மேலறையிலுள்ள சைனஸ் கணு, எந்த நரம்பின் உதவியும் இல்லாமல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முறை மின்துடிப்பை எழுப்பக்கூடியது. ஓய்வில் நாம் காணும் 60, 70 எல்லாம், மூளைத்தண்டிலிருந்து இறங்கிவரும் வேகஸ் நரம்பு கடிவாளத்தை இழுத்துப் பிடித்திருப்பதன் விளைவு. மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களிடம் இந்த நரம்பிணைப்பு அறுபட்டுவிடுவதால், அவர்கள் சும்மா இருக்கும்போதும் துடிப்பு 90-க்கு மேல் நிற்பதும், உழைப்புக்குப் பின் மெல்லவே இறங்குவதும் இதற்குச் சான்று.

ஓடத் தொடங்கிய சில நொடிகளில் வேகஸ் தன் பிடியைத் தளர்த்துகிறது. உழைப்பு கூடக்கூட, உடலை உழைப்புக்கு முடுக்கிவிடும் பரிவு நரம்புகளும், இரத்தத்தில் கலக்கும் அட்ரினலினும் துடிப்பை மேலும் உயர்த்துகின்றன. நின்றவுடன் முதலில் திரும்புவது வேகஸ்தான். அதனால்தான் முதல் நிமிடத்தில் துடிப்பு சடாரென்று இறங்குகிறது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் மருத்துவமனை ஆய்வாளர்கள் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், உடற்பயிற்சிச் சோதனைக்குப் பின் மெதுவாக நடந்துகொண்டிருந்த முதல் நிமிடத்தில் துடிப்பு 12 அல்லது அதற்கும் குறைவாகவே இறங்கியவர்களிடம், அடுத்த 6 ஆண்டுகளில் இறப்பு விகிதம் கூடுதலாக இருந்தது. இது மருத்துவர்கள் சோதனைக்கு அனுப்பிவைத்தவர்களின் கூட்டுக் கணக்கு. வீட்டில் ஒருமுறை அளந்து பார்த்து ஒருவர் தமக்குத் தாமே எழுதிக்கொள்ளும் தீர்ப்பாக அதைக் கொள்ளலாகாது.

முதல் இறக்கத்துக்குப் பின் வருவது நீண்ட சரிவு. அட்ரினலின் கரைய வேண்டும், தசைகளில் சேர்ந்த கழிவுகள் அகல வேண்டும், உடல் வெப்பம் தணிய வேண்டும். வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தாலே துடிப்பு சுமார் 10 கூடும். வியர்வையாக நீர் வெளியேறியதால் இரத்தத்தின் அளவு குறைந்திருக்கும். வெப்பத்தை வெளியேற்றத் தோலின் குழாய்கள் விரிந்திருப்பதால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தமும் குறையும். ஒரு துடிப்புக்கு 70 மில்லிலிட்டர் வெளியேற்றும் இதயம் 70 துடிப்பில் ஏறத்தாழ 5 லிட்டரைச் செலுத்திவிடும். அது 55 மில்லிலிட்டராகச் சுருங்கினால் அதே 5 லிட்டருக்கு 90 துடிப்பு தேவை. பலரைப் பயமுறுத்தும் அந்த 90, பெரும்பாலும் இந்த எளிய கணக்குதான். கடும் உழைப்புக்குப் பின் இந்நிலை ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிப்பதும் அரிதன்று.

ஆகவே, காலையில் கண் விழித்ததும் படுக்கையிலேயே எடுக்கும் அளவுதான் ஒப்பிடத் தக்கது. அது சில நாள்கள் தொடர்ந்து தம் வழக்கத்தைவிட உயர்ந்தே நின்றால், தேறாத களைப்பு, தொடங்கும் காய்ச்சல், தூக்கக் குறைவு, இரத்தசோகை, தைராய்டு மிகைச் சுரப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று பின்னணியில் இருக்கலாம்.

ஓய்விலும் 100-க்கு மேல் நீடிக்கும் துடிப்பை மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். நெஞ்சுவலி, மயக்கம், மீறிய மூச்சுத்திணறல் ஆகியவை சேர்ந்தால் உடனடி சிகிச்சை தேவை. ஒன்றை மட்டும் கவனித்துச் சொல்வது மருத்துவருக்குப் பெரிதும் உதவும்: துடிப்பு படிப்படியாக இறங்கியதா, அல்லது விளக்கை அணைத்தாற்போல ஒரே நொடியில் வேகம் அடங்கிச் சீரானதா என்பது. பின்னது, சைனஸ் கணுவுக்கு வெளியே உருவான மின்சுற்று ஒன்றைக் குறிக்கக்கூடும்; படபடப்பு நிகழ்ந்துகொண்டிருக்கும்போதே எடுக்கப்படும் ஈ.சி.ஜி.யில் அது தெளிவாகப் பதியும்.