கம்பைப் பார்த்தால் அடி விழும்

கம்பு சுற்றலாம் என்று ஆசையோடு போனவனை, முதல் இரண்டு மாதம் வெறுங்கையோடு நடக்க விட்டார் சிலம்ப வாத்தியார். தரையில் சாக்பீஸ் கோடு. முன்னே ஓர் அடி, பக்கவாட்டில் திரும்பி ஓர் அடி, பின்வாங்கி ஓர் அடி. இதற்குக் காலடி என்று பெயர். எரிச்சலாகத்தான் இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் அவர் செய்தது புரிந்தது.

நெற்றி உயரக் கம்பு ஏறக்குறைய 1.5 மீட்டர் இருக்கும். நடுவில் பிடித்து நொடிக்கு 2 சுற்று சுற்றினால், நுனி மணிக்கு 34 கிலோமீட்டர் வேகத்தில் பாயும். கண்ணில் பட்டதை மூளை உணர்ந்து, கை அசையத் தொடங்கச் சுமார் 0.2 நொடி ஆகும். அதற்குள் நுனி கிட்டத்தட்ட 2 மீட்டர் ஓடியிருக்கும். நுனியைப் பார்த்துத் தடுக்க நினைப்பவருக்கு அடி நிச்சயம்.

அதனால்தான் எதிராளியின் தோளைப் பார்க்கச் சொல்கிறார்கள். கம்பு வருவதற்கு முன்பே தோள் திரும்பிவிடும். அதை வைத்து அடி எங்கே விழும் என்று மூளை முன்கூட்டியே கணிக்கிறது. அந்த நேரத்தில் ‘இடது காலா, வலது காலா’ என்று யோசித்துக்கொண்டிருக்க முடியாது.

இங்கேதான் சிறுமூளை வருகிறது. ஒவ்வோர் அசைவிலும் நினைத்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடித்து, அடுத்த முறை திருத்துவது அதன் வேலை. திரும்பத் திரும்பச் செய்யும்போது நரம்பணுக்களின் இணைப்புகளே மாறுகின்றன. ‘கை பழகிடுச்சு’ என்கிறோமே, பழகியது மூளைதான். பயிற்சி முடிந்து தூங்கும்போதும் இந்த வேலை நடக்கிறது. அதனால் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் வியர்ப்பதைவிட தினமும் அரை மணி நேரம் மேல். சாதனைச் சான்றிதழுக்காகப் பிள்ளைகளை மணிக்கணக்கில் சுற்ற விடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. சோர்ந்த கை தப்பான சுற்றையும் பழகிக்கொள்ளும்.

உடம்புக்குக் கிடைப்பது தனி. இதயத்துக்கு நல்ல வேலை, முன்கைக்கு வலு. அப்புறம் எலும்பு: சுமை விழும் இடத்தில் அது உறுதியாகும் என்று ஜெர்மன் மருத்துவர் ஜூலியஸ் வுல்ஃப் 1892-லேயே எழுதிவிட்டார்.

மூன்றாம் மாதம் கம்பு கைக்கு வந்தது. முதல் சுற்றிலேயே என் கணுக்காலில் நானே அடித்துக்கொண்டேன். வாத்தியார் சிரிக்கவில்லை.

“கால் எங்க நின்னுச்சு?” என்று மட்டும் கேட்டார்.